நிவாரணத்தின் இரண்டாவது வருடம்



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவும் ஏனைய இடங்களில் வெள்ளமும் சேர்ந்து 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அந்த நாட்களில் எமது வானொலிக்குத் தொலைபேசி எடுத்த நேயர்கள் பலரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது. "யாரிட்டக் குடுக்கிறது? குடுத்தால் போய்ச் சேருமோ?"

நான் தொழிலால் கணக்காளன். வணிகமாணிப் படிப்பு என்னை ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவரவில்லை; வார இறுதியில் ஆள் இல்லாத ஒரு நிகழ்ச்சிதான் கொண்டுவந்தது. ஆனாலும் இந்தக் கேள்வி வரும்போது கணக்காளனும் அறிவிப்பாளனும் எனக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். இம்மாத உரையில் அதற்கான விடையை வரலாற்றில் தேடிப் பார்ப்போம். மட்டக்களப்பு, லவுசான், சுவிசில் ஒரு தேவாலய மண்டபம், திருகோணமலை, நியூ ஓர்லியன்ஸ் என்று பல இடங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கும். எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள்தான்.

புயலும் விடுமுறையும்

அத்திலாந்திக் சமுத்திரத்தில் எழுந்தால் ஹரிக்கேன், பசுபிக்கின் மேற்கில் எழுந்தால் டைபூன், எங்கள் வங்காள விரிகுடாவில் எழுந்தால் சைக்ளோன். பெயர் மூன்றானாலும் சூடேறிய கடலில் பிறந்து சுழன்றுவரும் காற்று ஒன்றுதான். எங்கள் ஊர்ச் சனங்கள் அதைச் சூறாவளி என்பார்கள்.

எங்கள் கடலில் புயல்கள் பெரும்பாலும் வாடைக்காற்றுக் காலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரையில் வருகின்றன. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு. பாம்பனிலிருந்து போன தொடருந்தே பயணிகளோடு அலைக்குள் போயிற்று. நத்தாருக்கு மூன்று நாள் இருந்தது. மட்டக்களப்புச் சூறாவளி 1978 நவம்பர் 23. சுனாமி புயல் அல்ல; ஆனால் அதுவும் 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள். பாடசாலை விடுமுறை, தேவாலயத்தில் ஆட்கள் கூடும் காலம், கையில் கொஞ்சம் நேரம் உள்ள காலம் எல்லாம் இதே மாதங்கள்தான். அதனால் எங்கள் பக்கத்து நிவாரண வேலைகள் பல கோயில் மண்டபங்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும், விடுமுறையில் நின்ற பிள்ளைகளின் கையாலேயே தொடங்கியிருக்கின்றன.

எழுபத்தெட்டுச் சூறாவளி

எனக்கு அப்போது எட்டு வயது. வாவிக்கரையில் எங்கள் ஊர். அந்த இரவைப்பற்றி மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவைப் பகுதி நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரச பதிவுகளின்படி 915 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 250,000 வீடுகள் சேதமடைந்தன. 240 பாடசாலைக் கட்டடங்கள் பழுதாகின. மட்டக்களப்பு மாவட்ட மீனவரின் படகுகளில் ஐந்தில் ஒன்று போயிற்று. மாவட்டத்தின் 28,000 ஏக்கர் தென்னந்தோட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது.

கூரை போகாத கட்டடம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் சனம் தங்கியது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற பேதம் அந்தக் கிழமையில் இருக்கவில்லை. எங்களுக்கு மா, சீனி, பருப்பு, பிறகு ஒரு கம்பளிப் போர்வை கிடைத்தது. ஒரு மேசையைப் போட்டு வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் கொப்பியில் குடும்பப் பெயர்களை எழுதினார்கள். விடுமுறையில் நின்ற உயர்வகுப்பு மாணவர்கள் அவர்கள். எத்தனை பேர், எத்தனை சிறுபிள்ளைகள், என்ன இல்லை என்று கேட்டு எழுதினார்கள். நான் பார்த்த முதலாவது கணக்குப் புத்தகம் அதுதான்.

மட்டக்களப்பில் அக்காலத்தில் பணியாற்றிய யேசு சபைக் குருமார் பலர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணச் சபையைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்தவர்கள். புனித மிக்கேல் கல்லூரியில் படித்த நேயர்கள் இவர்களை அறிவார்கள். நியூ ஓர்லியன்ஸில் பிறந்து 1948இல் மட்டக்களப்புக்கு வந்த அருட்தந்தை ஹரி மில்லர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை எங்கள் மண்ணிலேயே கழித்தார். லூசியானாவிலிருந்து வந்த அருட்தந்தை இயூஜின் ஹேபேட் 1990 ஆகஸ்ட்டில் காணாமற்போனார். இன்றுவரை அவருக்கு என்ன நடந்தது என்பதற்கு விடை இல்லை. லூசியானா என்பது ஹரிக்கேன் அடிக்கடி கரையேறும் பூமி. புயல் என்றால் என்னவென்று சிறுவயதிலிருந்தே தெரிந்தவர்கள் எங்கள் புயல்கரைக்கு வந்து சேர்ந்தது வரலாற்றின் ஒரு விசித்திரம். அந்த நகரத்துக்கு இந்த உரையின் பிற்பகுதியில் திரும்பிப் போவோம்.

எழுபத்தெட்டைப்பற்றிக் கணக்காளனாக நான் கவனிப்பது ஒன்று உண்டு. மாவும் சீனியும் சில மாதங்களில் நின்றுவிட்டன. ஆனால் விழுந்த இடத்தில் வைத்த தென்னங்கன்று காய்க்க ஆறேழு வருடம் செல்லும். கிடுகு, தேங்காய், கயிறு, விறகு, மகளின் சீதனம் எல்லாம் அந்தத் தோட்டத்திலிருந்துதான் வரவேண்டும். ஆகவே ஒரு குடும்பத்தின் உண்மையான நட்டம் சூறாவளி அடித்த இரவில் முடிந்துவிடவில்லை. அடுத்த ஏழு வருடமும் ஒவ்வொரு வருடமாக வந்துகொண்டே இருந்தது. நிவாரணம் முதல் மாதத்துக்கு வந்தது. தேவை எண்பத்தைந்து வரை இருந்தது. இடையில் 1983உம் வந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

வானொலியில் பிறந்த சங்கிலி

இனிச் சுவிசுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஒரு வருடம். ஐரோப்பா இடிபாடாகக் கிடக்கிறது. 1946 செப்டெம்பர் 26ஆம் திகதி லவுசான் வானொலியில் ஜாக் றொலான், றோஜர் நோட்மான் என்ற இருவர் ஒரு புதிய நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். அதன் பெயர் 'மகிழ்ச்சியின் சங்கிலி'. ஒருவர் செய்யும் நன்மை அடுத்தவரையும் நன்மை செய்யத் தூண்டவேண்டும் என்பது எண்ணம். யேர்மன், இத்தாலிய மொழி வானொலிகளும் பின்னர் சேர்ந்துகொண்டன. யேர்மன் மொழியில் நாம் இன்று 'குளுக்ஸ்கெற்ற' என்று சொல்வது இதைத்தான். 1983இல் அது ஓர் அறக்கட்டளையாகப் பதிவுசெய்யப்பட்டது. இன்றும் சுவிஸ் தேசிய வானொலி, தொலைக்காட்சியுடன் சேர்ந்தே அது இயங்குகிறது.

சமூக வானொலி நடத்தும் எங்களுக்கு இது பெருமைப்படவேண்டிய வரலாறு. இந்த நாட்டின் மிகப் பெரிய நிவாரண நிதி ஒரு வங்கியிலோ அமைச்சிலோ பிறக்கவில்லை. ஒரு வானொலிக் கலையகத்தில் பிறந்தது.

அது வேலை செய்யும் முறையையும் சொல்லவேண்டும். குளுக்ஸ்கெற்ற தானே போய்ச் சோறு சமைப்பதில்லை, வீடு கட்டுவதில்லை. பணத்தை மட்டும் சேர்க்கும். பழைய உடுப்பு, பழைய சாமான் வாங்காது. சேர்ந்த பணத்தை ஏற்கெனவே அனுபவமுள்ள சுவிஸ் நிறுவனங்களின் திட்டங்களுக்குக் கொடுக்கும். திட்டம் என்ன, செலவு எவ்வளவு, யாருக்குப் பயன் என்று துறை அறிந்தவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் பணம் வெளியே போகும். அதுவும் பகுதி பகுதியாகப் போகும். முதல் பகுதிக்குக் கணக்கு வந்தபின்பே மற்றது.

அந்தப் பங்காளி நிறுவனங்களில் இரண்டு, எங்கள் குடும்பங்கள் நன்கு அறிந்த பெயர்கள். ஒன்று 1901இல் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பான கரிற்றாஸ். மற்றது 1946இலேயே பிறந்த, புரட்டஸ்தாந்துத் திருச்சபைகளின் உதவி நிறுவனமான ஹெக்ஸ். 1980களில் நாங்கள் ஒரு பையோடு இந்த நாட்டுக்கு வரத் தொடங்கியபோது யேர்மன் வகுப்பும், படிவம் நிரப்ப ஓர் ஆளும், குளிருக்கு ஒரு மேற்சட்டையும் எங்கே கிடைத்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலர் ஏதோவொரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தைச் சொல்வார்கள். நான் தஞ்சம் கேட்டு வந்த முதலாவது குளிர்காலத்தில் அணிந்த சட்டையும் அப்படி ஒரு மண்டபத்தில் கிடைத்ததுதான். கைகள் சற்று நீளம். மற்றப்படி நல்ல சட்டை.

2004: விடுமுறை மண்டபம்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே நத்தார் விடுமுறையின் இரண்டாம் நாள். விடியற்காலையிலேயே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. பிறகு அங்கிருந்து எந்தத் தொலைபேசியும் எடுபடவில்லை. இலங்கையில் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, திருகோணமலை, எங்கள் நாவலடி, டச்பார் என்று இந்த வானொலி நேயர் எவரும் இழப்பில்லாமல் இருக்கவில்லை. தாய்லாந்துக்கு விடுமுறை போயிருந்த சுவிஸ் மக்களும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதனால் அந்தத் துக்கம் இந்த நாட்டுக்கும் சொந்தத் துக்கமாயிற்று.

நான் அப்போது பேர்ண் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தேன். அங்குள்ள சீர்திருத்தத் திருச்சபையினர் மறுநாளே தங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். அடுத்த பத்து நாளும் வேலைத்தலத்தில் விடுமுறை. நானும் போனேன். சைவக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குடும்பங்களும் வந்தன. அவ்வூர்ச் சுவிஸ் பெண்கள் சிலர், பெரும்பாலும் ஓய்வூதியம் எடுத்தவர்கள், காலையில் வந்தால் இரவு விளக்கணைத்த பிறகுதான் வீடு போவார்கள். எங்கள் பெண்கள் றோல்ஸ், பற்றீஸ், வடை சுட்டு நகரச் சதுக்கத்தில் விற்றார்கள். அவர்கள் சூப் காய்ச்சி விற்றார்கள். பிள்ளைகள் உண்டியல் ஏந்தினார்கள். கணக்கு என் கையில் வந்தது.

இரண்டாம் நாளே மண்டபம் உடுப்பால் நிறைந்துவிட்டது. மனமுவந்து கொண்டுவந்தார்கள், குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவிழ்த்துப் பார்த்தால் பனிச்சறுக்குச் சட்டை, கம்பளிக் காலுறை, குதிகால் உயர்ந்த சப்பாத்து. இதைக் கல்முனைக்கு அனுப்பினால் என்ன செய்வார்கள்? அனுப்பும் செலவு எவ்வளவு? கொழும்புத் துறைமுகத்தில் எத்தனை நாள் கிடக்கும்? அங்கே உடுப்பு விற்கும் கடைக்காரனின் பிழைப்பு என்னாகும்? ஒரு மாலை நேரம் இதைப்பற்றி ஒரு சிறு கூட்டம் வைத்தார்கள். போதகர் எல்லோரையும் பேசவிட்டார். கடைசியில் உடுப்பை உள்ளூர்ப் பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டு, வரும் பணத்தை அனுப்புவது என்று முடிவாயிற்று. அங்கிருந்த ஒரு வயதான சுவிஸ் அம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை. போர் முடிந்த காலத்தில் தன் ஊரில் எல்லைக்கு அப்பால் அனுப்பிய பொதிகளில் தேவையில்லாதவையும் எத்தனையோ இருந்தன என்று தன் தாயார் சொல்வாராம்.

இன்னொரு சம்பவம். எங்கள் பெண்மணி ஒருவர், கரையோரத்தில் தன் தமையன் குடும்பத்தை இழந்தவர், 50 பிராங் தாளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். நான் பற்றுச்சீட்டு எழுதத் தொடங்கினேன்.

"என்ன தம்பி, எங்கட சனத்துக்குக் குடுக்கிறதுக்கும் துண்டு எழுதுறியளோ?" என்றார். கோபம் அல்ல, மனவருத்தம்.

"ஓமக்கா. எங்கட சனத்துக்கெண்டபடியால்தான் எழுதிறன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பற்றுச்சீட்டே இல்லாமல் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். கேட்பது அவமரியாதை என்று நினைக்கப் பழக்கப்பட்டவர்கள். ஏன் அப்படிப் பழகினோம் என்பது வேறொரு நீண்ட கதை. பல வீடுகளில் இன்னும் பேசி முடியாத கதை. அந்த மண்டபத்தில் ஒவ்வோர் இரவும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையொப்பமிட்டு, மறுநாள் தபாலகத்தில் கட்டினோம். ஒரு தமிழர், ஒரு சுவிஸ்காரர். நம்பிக்கை இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. நம்பிக்கை கெடாமல் இருக்கச் செய்தோம்.

2005 ஜனவரி 5 குளுக்ஸ்கெற்றயின் தேசிய நிதிசேகரிப்பு நாள். சுனாமிக்காக அது மொத்தமாகச் சேர்த்தது 227 மில்லியன் பிராங். அதன் வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு சேர்ந்ததில்லை. சிறு நகரத்து வடையும் சூப்பும் அந்தக் கடலில் ஒரு துளிதான். ஆனால் அந்தத் துளிக்கும் கணக்கு இருந்தது.

பணம் போன வழி

பணம் சேர்ப்பதைவிடச் செலவழிப்பதுதான் கடினம். இது கணக்காளர்கள் மட்டுமே சொல்லும் வசனம்; யாரும் நம்புவதில்லை. சுனாமி அதை நிரூபித்தது.

முதலாவது தடை அரசியல். வடக்கு கிழக்கில் நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து நிர்வகிக்க ஒரு பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் 2005 ஜூன் 24இல் கைச்சாத்தானது. மூன்று வாரத்தில், ஜூலை 15ஆம் திகதி, உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அது பிறகு எழும்பவே இல்லை. அதே சுனாமியில் எங்களைவிடப் பன்மடங்கு உயிர்களை இழந்த ஆச்சேயில், இந்தோனேசிய அரசும் போராளிகளும் 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கை செய்தார்கள். ஒரே அலை, இரண்டு நாடுகள், இரண்டு முடிவுகள்.

இரண்டாவது தடை கடற்கரை. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. மீனவனைக் கடலிலிருந்து பிரித்துவிட்டு அவனுக்கு வீடு கொடுப்பது எப்படி? அந்தத் தூரங்கள் பின்னர் குறைக்கப்பட்டன. அதற்குள் பல குடும்பங்கள் தகரக் கொட்டிலில் ஒரு மழைக்காலத்தைக் கழித்துவிட்டன.

மூன்றாவதை மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்கள் அறிவார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். சீதனமாகத் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். சுனாமிக்குப் பின் அரச காணியில் கட்டிய புதிய வீடுகள் பலவற்றின் பத்திரங்கள் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதப்பட்டன. படிவத்தில் அந்த நிரலுக்கு நேரே ஆணின் பெயர்தான் போயிற்று. கடல் கொண்டுபோன வீடு அவளுடையது. திரும்பக் கிடைத்த வீடு அவருடையது. ஒரு படிவத்தின் ஒரு நிரல், பாட்டி காலத்து உரிமையை இல்லாமல் செய்துவிட்டது. ஊர் வழக்கத்தைக் கேட்காமல் அச்சடித்த படிவம் அது.

நல்லபடி நடந்ததையும் சொல்லவேண்டும். சுவிஸ் அரசின் அபிவிருத்தி உதவிப் பிரிவு, சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம், ஹெக்ஸ், குளுக்ஸ்கெற்ற ஆகியவை ஒன்றுசேர்ந்து மாத்தறையிலும் திருகோணமலையிலும் ஒரு திட்டம் நடத்தின. வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்குப் பதிலாகப் பணத்தையே குடும்பத்தின் கையில் கொடுப்பது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதி சேதத்துக்கு 100,000 ரூபா என்பது அப்போது வீட்டு உரிமையாளருக்கு வகுக்கப்பட்ட தொகை. அது வங்கிக் கணக்குக்குத் தவணையாக வரும். ஒரு கட்ட வேலை முடிந்ததைப் பார்த்த பிறகு அடுத்த தவணை. மேசனைப் பிடிப்பது, கல் வாங்குவது, குசினி எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கும் ஒரே நேரத்தில் கட்டியதால் சீமெந்து விலையும் மேசன் கூலியும் ஏறின; கொடுத்த தொகை போதாமற் போனவர்களும் உண்டு. ஆனாலும் வெளியிலிருந்து வந்தவன் வரைந்த வீட்டுக்குள் குடிபோவதற்கும், தானே நின்று கட்டுவித்த வீட்டுக்குள் போவதற்கும் உள்ள வித்தியாசம் அகதி முகாமில் இருந்த எங்களுக்குத் தெரியும். என்ன சாப்பிடுவது, எங்கே படுப்பது என்பதையெல்லாம் மற்றவர் தீர்மானித்த மாதங்கள் எங்கள் வாழ்க்கையிலும் இருந்தன.

நியூ ஓர்லியன்ஸுக்குத் திரும்புதல்

சுனாமி நடந்து எட்டு மாதம். 2005 ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்தரினா ஹரிக்கேன் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்து நியூ ஓர்லியன்ஸ் நகரத்தின் ஐந்தில் நான்கு பகுதி நீரில் மூழ்கியது. மட்டக்களப்புக்குக் குருமாரை அனுப்பிய அதே நகரம். உலகின் பணக்கார நாட்டில், கூரைமேல் ஏறி நின்று கை காட்டிய மக்களை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெரும்பாலும் ஏழைகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள்.

அப்போது உதவி கொடுத்த நாடுகளின் பட்டியலில் இலங்கையின் பெயரும் இருந்தது. தொகை 25,000 டொலர். தன் மக்கள் இன்னும் தகரக் கொட்டிலில் இருந்தபோது கொடுத்த தொகை அது. சரியா பிழையா என்று வாதிக்கலாம். ஆனால் வாங்கிய கை கொடுக்கும் கையாக மாற எட்டு மாதம் போதும் என்பதற்கு அது சான்று.

நியூ ஓர்லியன்ஸை மீட்டெடுத்ததில் தேவாலயக் குழுக்களின் பங்கு பெரிது. அடுத்துவந்த வருடங்களில் நத்தார் விடுமுறை, வசந்தகால விடுமுறை, கோடை விடுமுறை என்று மாணவரும் வேலை செய்வோரும் ஒரு கிழமைக்கு வந்து, தேவாலய மண்டபங்களில் பாய் விரித்துப் படுத்து, வீடு வீடாகப் போனார்கள். நனைந்து பூஞ்சணம் பிடித்த சுவர்ப்பலகைகளைக் கழற்றுவது, ஊறிப்போன கட்டிலையும் குளிர்சாதனப் பெட்டியையும் தெருவுக்குத் தூக்குவது, எஞ்சிய மரச்சட்டங்களைத் துப்புரவாக்கிக் காயவிடுவது. நாற்றம் பிடித்த வேலை. படம் எடுத்து அனுப்ப அழகாக இருக்காது. ஆனால் அது செய்யாமல் வீட்டுக்காரர் திரும்பி வரமுடியாது. தொலைக்காட்சிக் கமராக்கள் வேறு ஊருக்குப் போய்விட்ட இரண்டாவது, மூன்றாவது வருடங்களிலும் அவர்கள் வந்தார்கள். நான் அதைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

இங்கேயும் மலை இறங்கும்

நிவாரணம் என்றால் எப்போதும் அங்கே, தூரத்தில் என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கக்கூடாது. 2000 ஒக்டோபர் 14ஆம் திகதி பெருமழையில் வலே மாநிலத்தின் எல்லைக் கிராமமான கொண்டோவை மண்சரிவு இரண்டாகப் பிளந்தது. 13 பேர் மாண்டார்கள். அந்தப் புயல்மழைச் சேதங்களுக்கு குளுக்ஸ்கெற்ற 74 மில்லியன் பிராங் சேர்த்தது. 2025 மே 28ஆம் திகதி அதே மாநிலத்தின் பிளாற்றன் கிராமத்தைப் பனிப்பாறையும் மலையும் சேர்ந்து மூடின. ஏறக்குறைய 300 மக்களும் ஒன்பது நாள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்ததால் பெரும் உயிரிழப்புத் தவிர்ந்தது. ஆனால் ஒரே நாளில் ஒரு முழுக் கிராமம் வீடில்லாமற் போனது. ஊரை இழப்பது என்றால் என்னவென்று இந்த நாட்டில் அந்தக் கிராமத்தாருக்கு விளக்கம் தேவைப்படாமல் சொல்லக்கூடியவர்கள் நாங்கள்.

நேயர்களின் கேள்விக்கு

தொடக்கத்துக் கேள்விக்கு வருகிறேன். யாரிடம் கொடுப்பது? நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கொடுக்குமுன் கேட்கவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பற்றுச்சீட்டுத் தருவார்களா? கணக்காய்வு செய்த அறிக்கையை வருடாவருடம் வெளியிடுவார்களா? 1934 முதல் சுவிசில் இயங்கும் செவோ அமைப்பின் தரச்சான்று இருக்கிறதா? சான்று இல்லாத சிறு ஊர்ச் சங்கமானால், பணத்தை எண்ணுபவர் ஒருவரா இருவரா? வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பானால் வருடம் 100 பிராங்கிலிருந்து, நிகர வருமானத்தின் 20 வீதம் வரை நேரடிக் கூட்டாட்சி வரியில் கழிக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். பலர் இதைச் செய்வதில்லை. சட்டம் தந்த உரிமையை விடுவது தானம் அல்ல.

அதைவிட முக்கியமானது: அங்குள்ளவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்களா? வீடு யார் பெயரில் எழுதப்படும்? மலையகத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. லயத்தில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்குத் தான் நிற்கும் நிலமே சொந்தமில்லை. இடிந்த லயத்துக்குப் பதில் புதிய லயம் கட்டினால் சரிவு மட்டும் இடம் மாறும். அது நிவாரணக் கேள்வி மட்டுமல்ல, காணியுரிமைக் கேள்வி.

கடைசியாக, கொடுக்க நினைக்கும் தொகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை உடனே கொடுங்கள். பசிக்கும் மருந்துக்கும் பொறுமை இல்லை. மற்றப் பாதியை அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள். அப்போது டித்வா என்ற பெயர் செய்தியில் இருக்காது. ஆனால் வங்கிக் கடன் இருக்கும், பிள்ளையின் பாடசாலைச் செலவு இருக்கும், கன்று இன்னும் காய்த்திருக்காது. எழுபத்தெட்டில் எங்கள் ஊருக்கு வராமற்போனது அந்த இரண்டாவது வருடத்துப் பணம்தான்.

இளைய நேயர்களே, நத்தார் விடுமுறையில் உங்கள் ஊர்த் தேவாலயத்திலோ கோவிலிலோ ஒரு மேசை போட்டால் போய் நில்லுங்கள். தெய்வம் எது என்று மேசை கேட்காது. எண்ணத் தெரிந்தவர் எண்ணுங்கள், சுடத் தெரிந்தவர் சுடுங்கள், யேர்மன் நன்றாகத் தெரிந்தவர்கள் பெரியவர்களுக்குப் படிவம் வாசித்துச் சொல்லுங்கள். எங்கள் வானொலி தன் பங்குக்கு, இந்த வருடம் ஒலிபரப்பாகும் ஒவ்வொரு நிவாரண வேண்டுகோளையும் பன்னிரண்டு மாதம் கழித்து மீண்டும் எடுத்து, பணம் என்னவாயிற்று என்று சம்பந்தப்பட்டவர்களை ஒலிவாங்கி முன் கேட்பதாகத் தீர்மானித்திருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கான குறிப்பேட்டை நான் வைத்திருக்கிறேன். முதல் பக்கம் எழுதியாயிற்று.